வெள்ளை பூட்ஸ் போட்ட வேட்டைக்காரன்

கேள்வி: மண்டை ஓடு போட்ட பனியனோடு வந்து, குற்றவாளிகளைத் தானே சுட்டுத் தண்டிக்கும் மார்வல் காமிக்ஸ் நாயகன் பனிஷர், ஆரம்பத்தில் ஸ்பைடர்மேனுக்கு வில்லனாக வந்தவராமே? அந்த முதல் கதைகளைப் பற்றிச் சொல்லுங்களேன்.
- வாசகர், திருப்பூர்

பதில்: திருப்பூர்க்காரருக்குப் பனியனில் கண் போனதில் ஆச்சரியமே இல்லை. சரி, பனியனிலிருந்தே தொடங்குவோம். கதாசிரியர் ஜெர்ரி கான்வே கிறுக்கிக் கொடுத்த படத்தில் அந்த மண்டை ஓடு மார்பில் சின்னதாக, பள்ளிக்கூட பேட்ஜ் அளவுக்குத்தான் இருந்தது. ஓவியர் ஜான் ரொமிட்டா அதை மார்பு முழுக்கப் பரப்பி, பற்களை இடுப்புப் பட்டைவரை இறக்கிவிட்டார். 'அசாசின்' என்று வைக்க நினைத்த பெயரை 'பனிஷர்' ஆக்கியவர் மார்வல் நிறுவனத்தின் ஸ்டான் லீ.

இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டும் ஒரு விஷயத்தைக் கோட்டைவிட்டார்கள். கையுறையும் பூட்ஸும் பளீர் வெள்ளை! ராத்திரியில் மொட்டைமாடியில் பதுங்கிக் குறிபார்க்கிறவன் போடுகிற நிறமா அது? நியூயார்க் புகைக்கரியில் உருண்டு புரண்டு சண்டை போடுகிறான். அடுத்த கட்டத்தில் பார்த்தால் சலவைக்குப் போய்வந்த மாதிரி நிற்கிறான். ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளுக்கு நடுவே எங்கோ ஒரு சொட்டு நீல பாட்டில் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் வெள்ளை வேட்டியைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஆளின் உண்மையான வீரம் புரியும்.

வில்லனா என்றால், ஏமாளி என்பேன். 1974 பிப்ரவரி தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 129ஆம் இதழில் அறிமுகம். உள்ளே படம் ராஸ் ஆண்ட்ரூ. தொழிலதிபர் நார்மன் ஆஸ்பார்னைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று பேப்பர்காரர்கள் எழுதியதை நம்பி, ஜாக்கல் என்ற பச்சை ஆசாமி தூபம் போட, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கடைசியில் இவனுக்கு ஆயுதம் செய்து தந்த ஆளையே ஜாக்கல் தீர்த்துக்கட்டிவிடுகிறான். பத்திரிகையில் வந்ததை இவ்வளவு முழுசாக நம்பும் வாசகர் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அதே வருடம் 134, 135 இதழ்களில் டரான்டுலா என்பவன் ஹட்சன் நதியில் ஒரு படகைக் கடத்துகிறான். அங்கேயும் நம்மவர் முதலில் சந்தேகப்படுவது ஸ்பைடர்மேனைத்தான்!

சென்ட்ரல் பார்க்கில் மாஃபியாக்காரர்கள் இவன் மனைவி மக்களைச் சுட்ட கதை 1975இல்தான், மார்வல் ப்ரிவ்யூ 2ஆம் இதழில் வந்தது. கறுப்பு வெள்ளைப் பத்திரிகை என்பதால் காமிக்ஸ் தணிக்கை விதிகள் அதற்குக் கிடையாது. அந்தச் சோகம் வந்த பிறகு எல்லோரும் உருகிவிட்டார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். முதல் கதைகளில் இருந்த கிண்டல், 'இவன் குறி தப்பாது, ஆளைத்தான் தப்பாகப் பிடிப்பான்' என்ற கிண்டல், அந்தக் கண்ணீரில் கரைந்துபோயிற்று. அப்புறம் அமெரிக்க போலீஸ்காரர்கள் சிலரே அந்த மண்டை ஓட்டை வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். சட்டம் தோற்றுப்போனதன் அடையாளத்தைச் சட்டத்தின் ஆட்களே சுமப்பதா என்று கான்வேயே நொந்துகொண்டார். 129ஆம் இதழைப் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, திறந்து படிக்காமலே சொத்தாகச் சேர்க்கும் மகானுபாவர்களைப் பற்றி ஏற்கெனவே நிறையத் திட்டியாகிவிட்டது. அதன் அட்டை விலை 20 சென்ட்!

ஏமாளித்தனத்தின் உச்சம் 1983. ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன் கதையில் குப்பை போட்டவர்களையும், சிவப்பு விளக்கைத் தாண்டிய டாக்ஸிக்காரரையும் சுட ஆரம்பித்துவிட்டான். நம்மூர் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தால் காலை டீக்குள் தோட்டா தீர்ந்திருக்கும். கடனுக்குத் தோட்டா கேட்டு, 'நேற்றைய பாக்கி?' என்ற பதிலோடு திரும்பியிருப்பான்.

இவனைக் காப்பாற்றி எடுத்தது 1986இல் ஸ்டீவன் கிராண்ட் எழுதி மைக் ஸெக் வரைந்த தனித்தொடர். அந்தக் குப்பை வேட்டை, யாரோ போதைமருந்து கொடுத்ததால் வந்த கோளாறு என்று அதில் சமாளித்தார்கள். தொடரின் அட்டையில் 'நான்கு பகுதிகள்' என்று அச்சடித்துவிட்டு ஐந்து பகுதிகள் வெளியிட்டார்கள். நமது இதழில் பக்க எண் பிசகினால் உடனே கார்டு போடும் மதுரை நண்பர், மார்வலின் நியூயார்க் முகவரிக்கும் ஒன்று போட்டுவிடவும்.