பிரேக் பேட், டிஸ்க்: வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். பழைய சின்ன கார். பிரேக் போட்டால் முன்சக்கரத்தில் கிரீச்சென்று சத்தம். பேடோடு டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார்கள். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. நானே செய்யலாமா? டிஸ்க்கை மாற்றித்தான் ஆக வேண்டுமா?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் எந்தச் சத்தம் என்று பாருங்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேட் என்பது அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கட்டை. மெல்லிசாகக் கிரீச்சிட்டால் பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே வைத்த தகட்டு நாக்கு டிஸ்க்கில் உரசுகிறது, சில நாள் அவகாசம் உண்டு. கர்ரென்று அரைத்தால் பேடின் இரும்புத் தகடே டிஸ்க்கைத் தின்கிறது, அப்புறம் வண்டியை எடுக்காதீர்கள். பேடின் உரசும் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டாலே மாற்றிவிட வேண்டும், மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

டிஸ்க் விஷயத்தில் யார் பேச்சையும் நம்ப வேண்டாம். அதிலேயே குறைந்தபட்ச கனம் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும், வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பார்த்துவிடலாம். விளிம்பில் தேயாத ஒரு வரப்பு நிற்கும், அதைச் சேர்த்து அளந்தால் கனம் நிறைய இருப்பதுபோல ஏமாற்றும், பேட் உரசுகிற இடத்தில் அளக்க வேண்டும். நகத்தில் தட்டுகிற மாதிரி ஆழமான கோடுகள் இருந்தாலும் மாற்றுவதே நல்லது. லேத்தில் கொடுத்துச் சீவலாம் என்பார்கள், கனம் மிச்சம் இருந்தால் அதுவும் சரிதான், ஆனால் மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும் என்பதால் எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை.

உங்கள் தெருவில் பாதி வாசல் மணல். மணலில் ஜாக்கி புதையும், சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, அப்புறம் தூக்குங்கள். தூக்கிய பிறகு வண்டியைத் தாங்க அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடுவதாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பேட் மட்டும் மாற்ற, பேடுகளைப் பிடித்து அமுக்குகிற கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் போதும். டிஸ்க்கும் வர வேண்டுமென்றால் கேலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளும் வர வேண்டும், கடற்கரை வண்டிகளில் அவை சாமானியமாக அசையாது. முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். கழற்றிய கேலிப்பரைப் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க், சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்னும். பல கார்களில் அதன் முகத்தில் மரையுள்ள இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும், பொருந்துகிற போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் தானாகப் பிரிந்து வரும். சுத்தியலால் மொத்தினால் அடி பேரிங்குக்குப் போகும்.

இப்போது முக்கியமான இடம், கேலிப்பர் நகர்கிற இரண்டு பின்கள். கடையில் அவசரத்தில் பேடை மட்டும் மாற்றிவிட்டு இவற்றைத் தொடாமல் அனுப்புவதும் உண்டு. உப்புக்காற்றில் இந்தப் பின் ஜாம் ஆனால் உள்பக்க பேட் ஒரேயடியாகத் தேய்ந்து வெளிப்பக்கம் புதிது போல இருக்கும், உங்கள் பழைய பேடுகளை அக்கம்பக்கம் வைத்துப் பாருங்கள், கதை தெரிந்துவிடும். பின்னை உருவி, துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளத்தில் நின்ற கார் என்றால் பின்னோடு வீல் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

புது பேடுக்கு இடம் கிடைக்க, கேலிப்பருக்குள் பேடை அமுக்குகிற பிஸ்டனை உள்ளே தள்ளும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றி வைக்காதீர்கள், இங்கே அமுக்கினால் அங்கே வெளியே வரும். மேலே தொட்டியில் பிரேக் ஆயில் ஏறும், சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும், மண்ணெண்ணெய் கூடாது. எல்லாம் மாட்டியதும் பெடலைப் பலமுறை மிதியுங்கள், முதல் மிதி தரைவரை போகும், இது தெரியாமல் வண்டியை நகர்த்தினால் எதிர்வீட்டுச் சுவர்தான் பிரேக். பிறகு புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, விடியற்காலை வெறிச்சோடிய சாலையில் 50-லிருந்து 15 வேகத்துக்கு எட்டுப் பத்து முறை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம்.

பிரேக் ஹோஸையோ பைப்பையோ திறக்க வேண்டி வந்தால், அல்லது பிஸ்டனில் ஆயில் கசிந்தால், கடைக்குக் கொண்டு போங்கள். பின்சக்கரத்தில் டிஸ்க்கும் எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்கும் உள்ள வண்டியும் அப்படியே.

கேள்வி: புது கார். மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க் முழுக்கத் துரு. மாற்ற வேண்டுமா சார்?
- ஒரு வாசகி, லாஸ்பேட்டை

பதில்: வேண்டாம்மா. டிஸ்க் வார்ப்பிரும்பு, உரசுகிற முகத்தில் பூச்சு கிடையாது, ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் சிவக்கும். தெருமுனை தாண்டுவதற்குள் நாலைந்து பிரேக்கில் போய்விடும். துரு போகட்டும் என்று எந்த ஆயிலையும் ஸ்பிரேயையும் மட்டும் அடித்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கேள்வி: டிஸ்க்கும் பேடும் நானே மாற்றினேன். இப்போது 60-க்கு மேல் பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் போலியா?
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: இருக்கலாம், ஆனால் ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தீர்களா? அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருப் பொருக்கு போதும், டிஸ்க் கோணலாக உட்கார. 0.1 மி.மீ. என்பது ஒரு காகிதத்தின் கனம், அந்த அளவு ஆட்டமே பல வண்டிகளில் அதிகம். கழற்றி, ஹப் முகத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மறுபடி மாட்டுங்கள். வீல் நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்குங்கள். அதற்கும் உதறினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம்.

கேள்வி: பிரேக் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது. ஊற்றிவிட்டால் போதுமா?
- ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: பேட் தேயத் தேய மட்டம் இறங்கும், அது இயல்பு. எனவே முதலில் பேடைப் பாருங்கள், பேட் நன்றாக இருந்தும் குறைந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றுவதென்றால் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3, டாட் 4 ஒன்றோடொன்று சேரும், டாட் 5 சிலிக்கான் வகை, சேராது. போன வருடம் பாதி ஊற்றி மூடிவைத்த டின்னை எடுக்காதீர்கள், காற்றின் ஈரத்தை அது குடித்திருக்கும்.