மேட்டூர் நீர்மட்டம் காட்டும் வேர்ட்பிரஸ் தளம் கூட்டம் வந்தால் திணறுகிறது, எந்த கேஷ் போடலாம்?

முதலில் உங்கள் ஹோஸ்டிங்கில் ஓடுவது லைட்ஸ்பீடு என்ற வெப் சர்வரா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். ஆம் என்றால் லைட்ஸ்பீடு கேஷ் பிளகின் ஒன்றே போதும். வேறு பக்க கேஷ் பிளகின் இருந்தால் எடுத்துவிடுங்கள்; இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தை உருவாக்க பிஹெச்பி நிரலும் டேட்டாபேஸும் புதிதாக ஓடுவதுதான் திணறலுக்குக் காரணம். கேஷ் போட்டால், தயாராக உள்ள பக்கமே நேரே போகும்.

சிக்கல் வேறு இடத்தில். எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டும் பொது கேஷின் ஆயுள் இயல்பாக 6,04,800 விநாடி, அதாவது ஒரு வாரம். பதிவைத் திருத்தினால் கேஷ் தானாக அழியும். ஆனால் நீர்மட்டம் டேட்டாபேஸின் தனி டேபிளிலிருந்து ஷார்ட்கோடு (பக்கத்தில் எழுதும் சிறு குறியீடு) வழியாக வந்தால், எண் மாறியது பிளகினுக்குத் தெரியாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி, குறுவைக்கு நாற்று விடக் காத்திருப்பவர் போன வார அளவைப் பார்ப்பார். அது கூடவே கூடாது. பிளகின் அமைப்பில் உள்ள 'ஃபோர்ஸ் கேஷ் யூஆர்ஐ' பெட்டியில் அந்தப் பக்க முகவரி, ஓர் இடைவெளி, 900 என்று எழுதுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்.

சோதிக்கும்போது லாகின் செய்யாமல், இன்காக்னிட்டோவில் இரண்டு முறை திறந்து பாருங்கள். ரெஸ்பான்ஸ் ஹெட்டரில் (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்புகளில்) 'எக்ஸ்-லைட்ஸ்பீடு-கேஷ்' முதலில் 'மிஸ்', அடுத்து 'ஹிட்' என்று வர வேண்டும். டேட்டாபேஸ் விடைகளை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் இப்போதைக்கு வேண்டாம்.