வாசகர் கேள்வி: வெள்ளத்தில் போன வேலை, இரண்டு ஒப்பந்தங்கள்

கேள்வி: பாலம் கட்டும் வேலை எடுத்திருக்கிறேன். திடீர் வெள்ளத்தில் சாரமும் புதிதாக வார்த்த கான்கிரீட்டும் போய்விட்டன. காப்பீட்டு சர்வேயர் போட்ட மதிப்பு என் கணக்கில் பாதிகூட இல்லை. வேலை தந்தவர் தாமதத்துக்குப் பணம் பிடிப்பேன் என்கிறார். ஒப்பந்தம் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) 2017இல் வெளியிட்ட மாதிரி. பாலிசியிலும் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பு) ஷரத்து உண்டு. இரண்டையும் ஒரே நடுவரிடம் கொண்டுபோகலாமா?

பதில்: மூன்று தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய முடியாது. நடுவரின் அதிகாரம் கையெழுத்துப் போட்ட தாளிலிருந்துதான் வருகிறது. காப்பீட்டு நிறுவனம் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லையே.

வேலை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. நிகழ்வு தெரிந்த 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். விவரமான கிளெய்ம் 84 நாளுக்குள். சைட்டில் இன்ஜினீயராக இருந்து பிறகு நடுவராக உட்கார்ந்தவன் நான். ஒரு வழக்கில் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம் உண்மை, கணக்கும் நேர்மை. ஆனால் நோட்டீஸ் எழுதியது 41ஆம் நாள். அந்த ஒப்பந்த வாசகத்தை வைத்து என்னால் அவருக்கு எதுவும் தர முடியவில்லை. அந்தத் தீர்ப்பை எழுதியது இன்னும் மனதை அறுக்கிறது. நோட்டீசில் பணத்தோடு கால நீட்டிப்பையும் கேளுங்கள். நீட்டிப்பு கிடைத்த நாட்களுக்கு வேலை தந்தவர் தாமதப் பணம் பிடிக்க முடியாது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், ஆர்பிட்ரேஷனுக்கு முன் தகராறு வாரியம், அதாவது வேலைத் தகராறுகளைத் தீர்க்க அமர்த்தப்படும் நிபுணர் குழு, இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வேலையில் 1975இல் தொடங்கிய பழக்கம் இது. வாரியத்தை நான் பெரிதும் நம்புகிறேன். சேறு காய்வதற்குள் வந்து பார்க்கிறவர்கள் அவர்கள். நடுவர் வருவதற்குள் பாலமே முடிந்திருக்கும். வாரியம் 84 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்று 28 நாளுக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த முடிவே இறுதி. சைட் ரெஜிஸ்டரில் நீர்மட்டம், சும்மா நின்ற ஆட்கள், ஓடாத இயந்திரங்கள் என ஒவ்வொரு நாளும் பதிந்திருக்கிறதா பாருங்கள். நடுவர்கள் வாதத்தைவிட அதைத்தான் புரட்டுவோம்.

இனி பாலிசி. பல பாலிசிகளில் ஆர்பிட்ரேஷன், தொகை எவ்வளவு என்பதற்கு மட்டும்தான். நிறுவனம் பொறுப்பையே மறுத்தால் அந்த வழி அடைபடும். உங்கள் சண்டை தொகையைப் பற்றியது என்பதால் வழி திறந்திருக்கும். ‘முதலில் நடுவர், பிறகு வழக்கு’ என்ற ஷரத்து செல்லும் என்று அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1856இலேயே ஒரு கப்பல் காப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது; ஆகவே நேரே நீதிமன்றம் போய் நாளைக் கழிக்காதீர்கள். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் அவசரத்துக்குக் கையெழுத்து வேண்டாம். பணத்தேவை இருந்தால், எதிர்ப்பைத் தனிக் கடிதத்தில் பதிவு செய்துவிட்டு, ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் வாங்குங்கள்.

மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கச் சுலபமான இடம் மீடியேஷன், அதாவது சமரசப் பேச்சு. அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மூவரும் வரச் சம்மதித்தாலே போதும். காப்பீட்டுப் பணம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால் வேலை தந்தவரும் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளம் வந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. 28 நாள் முடியவில்லையென்றால், இந்தப் பதிலைப் படிக்கிற இன்றே நோட்டீசை அனுப்பி ஒப்புகை வாங்கிவிடுங்கள்.