பொகோட்டாவில் காத்திருக்கும் நாட்களுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது?

கேள்வி: நானும் என் கணவரும் நியூ ஜெர்சியில் வசிக்கும், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள். கொலம்பியாவைச் சேர்ந்த எட்டு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க அனுமதி கிடைத்து, 2025 நவம்பர் 18 அன்று பொகோட்டா நகரில் குழந்தையைச் சந்திக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வாரம் தங்க வேண்டியிருக்கும் என்கிறது எங்கள் தத்தெடுப்பு முகமை. பயணத்துக்கென்று 14,000 டாலர் வைத்திருக்கிறோம். அவசரத் தேவைக்கு 20,000 டாலர் தனியாகச் சேமிப்பில் இருக்கிறது. இருவரின் ஆண்டு வருமானம் 1,85,000 டாலர். காத்திருக்கும் நாட்களில் அந்த ஊரை மகளோடு சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறேன். "தத்தெடுக்கப் போகிறோமா, சுற்றுலா போகிறோமா?" என்று கேட்கும் என் கணவர், அறையிலேயே இருந்து மிச்சப்படுத்தலாம், பணம் போதாவிட்டால் 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எது சரி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் மகளின் வரவுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் கணவரின் கவலை நியாயமானது. ஆனால் அவர் அஞ்ச வேண்டியது ஊர் சுற்றும் செலவுக்கு அன்று, காத்திருக்கும் நாட்களின் செலவுக்கு. இதை உங்கள் கணக்கை வைத்தே காட்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி, போகும்போது இருவருக்கும் திரும்பும்போது மூவருக்குமான விமானக் கட்டணம் 2,600 டாலர். வழக்கறிஞர், மொழிபெயர்ப்பு, குழந்தையின் கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, விசா ஆகியவற்றுக்கு முகமை சொன்ன தொகை 3,500. சமையலறையுள்ள அடுக்குமாடி வீட்டின் வாடகையும் சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 என்றால், 35 நாட்களுக்கு 5,250. ஆக 11,350 டாலர் போக 2,650 மீதம். பார்க்க விரும்பும் இடங்களுக்கென்று நீங்கள் எழுதியிருப்பது 400 டாலர்தான். அதை முழுவதும் வெட்டினாலும் மூன்று நாள் தங்கும் செலவுக்குக்கூடக் காணாது.

நாட்கள் எங்கே நீளும் என்பதைப் பாருங்கள். ஐ.சி.பி.எஃப். எனப்படும் கொலம்பிய அரசின் குடும்ப நல நிறுவனம் குழந்தையை உங்களிடம் ஒப்படைத்தபின், நீங்கள் மூவரும் ஒருவரோடொருவர் பழகும் நாட்களை அதன் அலுவலர்கள் கவனித்து அறிக்கை எழுதுவார்கள். அதன் பிறகே மனு குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். தீர்ப்பு வந்தபின் புதிய பிறப்புப் பதிவு, கொலம்பியக் கடவுச்சீட்டு, அமெரிக்கத் தூதரகத்தில் விசா என்று ஒவ்வொன்றாக முடிய வேண்டும். இவற்றில் உங்கள் கையிலோ முகமையின் கையிலோ இல்லாதது நீதிமன்றத்தின் வேகம். கொலம்பியாவில் நீதிமன்றங்களின் ஆண்டு விடுமுறை டிசம்பர் 20 முதல் ஜனவரி 10 வரை. நீங்கள் நவம்பர் 18 அன்று தொடங்கினால், மனு தாக்கலாகவே நவம்பர் கடைசி ஆகிவிடலாம். விடுமுறைக்கு முன் தீர்ப்பு வராவிட்டால் 22 நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். அந்த 3,300 டாலர், மீதமுள்ள 2,650 டாலரையும் விழுங்கி மேலும் கேட்கும்.

இதே தேதி உங்கள் வரிக் கணக்கையும் தொடுகிறது. தத்தெடுப்புச் செலவுக்கான மத்திய வரிச் சலுகை 2025ஆம் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை. 2,59,190 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குத்தான் அது குறையத் தொடங்கும் என்பதால், உங்களுக்கு முழுத் தொகைக்கும் தகுதி உண்டு. உங்கள் வருமானத்துக்கு வரும் வரியே அதைவிட அதிகமாக இருக்கும். எனவே சலுகை வீணாகாது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி இதில் 5,000 டாலர் வரையிலான பகுதி, வரி எதுவும் கட்ட வேண்டியிராதவர்களுக்கும் ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கும். மிஞ்சும் பகுதியை அடுத்த ஐந்து ஆண்டுகள் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கும்போது, தத்தெடுப்பு இறுதியாகும் ஆண்டில்தான் இச்சலுகையைக் கோர முடியும். முந்தைய ஆண்டுகளில் முகமைக்குக் கட்டிய பணமும் அப்போதுதான் கணக்கில் வரும். தீர்ப்பு டிசம்பரில் வந்தால் வரும் வசந்த காலத்திலேயே பணம் கைக்கு வரலாம். ஜனவரிக்குத் தள்ளிப்போனால், 2026ஆம் ஆண்டின் வரிக் கணக்கை 2027இல் தாக்கல் செய்யும்போதுதான். இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன்: சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்றால் செலவுக்கு ஆதாரமே இல்லாமல் முழுச் சலுகையும் கிடைக்கும் என்று சொல்வார்கள், அவ்விதி அமெரிக்கக் குழந்தைகளுக்கு மட்டுமே உரியது. கொலம்பிய அரசு உங்கள் மகளை எந்தப் பிரிவில் வைத்திருந்தாலும், நீங்கள் ரசீது காட்டத்தான் வேண்டும்.

அந்த ரசீதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி, ஆறு வாரத்து ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் மை இருப்பதில்லை, சில மாதங்களில் எழுத்து வெளுத்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து, இரண்டு கோப்புகளாகப் பிரித்து வையுங்கள். தத்தெடுப்பின்பொருட்டு வெளியூரில் தங்கும் வாடகையும் சாப்பாடும் விமானக் கட்டணமும் சலுகைக்குரியவை. அவை ஒரு கோப்பு. மலையேறும் கேபிள் கார் சீட்டு, பொம்மை, நினைவுப் பொருள் ஆகியவை உங்கள் சொந்தச் செலவு, அவை மற்றொன்று. வாடகை வீட்டைப் பிடிக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: கொலம்பியாவில் வசிக்காத வெளிநாட்டுப் பயணிகளுக்கு, முறையாகப் பதிவுபெற்ற தங்குமிடங்களின் கட்டணத்தில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரியிலிருந்து விலக்கு உண்டு. கடவுச்சீட்டில் உள்ள நுழைவு முத்திரையைக் காட்டினால் போதும், பலர் கேட்காமலே கட்டிவிட்டு வருகிறார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத கடனட்டை ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு செலவிலும் சுமார் 3 சதவீதம் போய்விடும்.

401(கே) கணக்கைப் பொறுத்தவரை, உங்கள் கணவர் நினைக்கும் வழி இப்போது திறக்காது. தத்தெடுக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும், முன்கூட்டியே எடுப்பதற்கான 10 சதவீத அபராதம் இல்லாமல் 5,000 டாலர் வரை எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் தத்தெடுப்பு இறுதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் எடுப்பதற்குத்தான் அந்த விலக்கு. அதற்கு முன்பு பயணச் செலவுக்கென்று எடுத்தால் கிடையாது. அபராதம் இல்லாவிட்டாலும் வருமான வரி உண்டு. எனவே அந்தக் கணக்கைத் தொட வேண்டாம். அவசரகாலச் சேமிப்பிலிருந்து 4,000 டாலரை இப்போதே பிரித்து, "கூடுதல் நாட்கள்" என்று பெயரிட்டுத் தனியாக வையுங்கள். வரிச் சலுகை வந்ததும் முதல் வேலையாக அதை நிரப்பிவிடுங்கள். திரும்பும் விமானச் சீட்டு தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். விடுமுறைக்கு முன் தீர்ப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று வழக்கறிஞரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஆனால் இந்த 3,300 டாலருக்காகச் சந்திப்பைத் தள்ளிப்போடச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை; அந்த நாளை எண்ணிக்கொண்டு ஒரு குழந்தை இருக்கிறது.

இனி உங்கள் 400 டாலர். அதைத் தயங்காமல் செலவிடுங்கள். உங்களுக்கு அது அந்நிய நகரம். உங்கள் மகளுக்கு அவள் விட்டு வரப்போகும் நாட்டின் தலைநகரம். பின்னாளில் அவள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு, பெற்றோரும் அந்த மண்ணில் நடந்திருக்க வேண்டும். அங்கே பெரும்பாலானவை இலவசம் அல்லது சொற்பக் கட்டணம் என்பது உங்கள் கணவருக்கு ஆறுதல் தரும். ஞாயிறு காலை 7 மணி முதல் பிற்பகல் 2 வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளை வாகனங்களுக்கு மூடி, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிடுகிறார்கள். 1970களிலிருந்து இது நடக்கிறது. தங்க அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமில்லை. முயிஸ்கா பழங்குடி மக்கள் செய்த பொன் தெப்பம் அங்கே இருக்கிறது: ஒரு சாண் நீளந்தான், நடுவில் தலைவன், சுற்றிலும் சிறிய உருவங்கள். எட்டு வயதுக் குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் பொருள் அது. ஓவியர் போத்தேரோவின் பெயரிலுள்ள அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளெல்லாம் இலவசம். 3,152 மீட்டர் உயரமுள்ள மொன்செர்ராத்தே மலையை முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நகரமே 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்கள் இருவருக்கும்தான் மூச்சு வாங்கும். சிப்பக்கிராவின் உப்புச் சுரங்கத் தேவாலயம் நகருக்கு வெளியே இருப்பதால், குழந்தையை அழைத்துச் செல்லலாமா என்று வழக்கறிஞரிடம் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு இடம் போதும். மற்ற நாட்களில் பாலோகெமாவோ சந்தையில் காய் வாங்கி மூவரும் சேர்ந்து சமையுங்கள். அங்கே அரிசியும் பருப்பும் அன்றாட உணவுதான்; சாம்பார்ப் பொடி மட்டும் கொண்டு போனால் சாப்பாட்டுச் செலவு பெரிதும் குறையும்.

புறப்படும் முன் இருவருடைய அலுவலகங்களுக்கும் எழுதிக் கேட்க வேண்டியவை இரண்டு. தகுதியுள்ளோருக்குச் சட்டம் தரும் 12 வாரச் சம்பளமில்லாக் குடும்ப விடுப்பைத் தத்தெடுப்புப் பயணத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே கழியும் ஒவ்வொரு வாரமும் வீடு திரும்பியபின் குழந்தையோடு இருக்க வேண்டிய வாரங்களில் குறையும். ஆகவே தீர்ப்பு தாமதமானால், மற்றவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவர் முன்னதாகத் திரும்ப இயலுமா என்பதை வழக்கறிஞரிடம் பேசி வையுங்கள். இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. தத்தெடுப்போ, அதற்காகக் குழந்தையை ஒப்படைப்பதோ நடந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசத்தில் குழந்தையைத் திட்டத்தில் சேர்க்கலாம் என்பது விதி. பொகோட்டாவில் குழந்தை உங்களிடம் வரும் நாளிலிருந்தே உங்கள் நிறுவனம் அதை எண்ணத் தொடங்கினால், நீங்கள் ஊர் திரும்பும் முன்பே அவகாசம் முடிந்துவிடும். எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், எந்த ஆவணம் வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பினால் ஏற்பார்களா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.