கேவியில் மாற்றிய மல்லிகை விலை காட்பாடியில் பழையதாகவே தெரிவது குறித்து

கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கேவி (KV) என்ற தரவுக் கிடங்கில் பூ விலையை மாற்றியும் காட்பாடியில் பழைய விலையே தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் இட்டிருக்கும் நிரலில், விலையைப் படிக்கும் கெட் அழைப்பில் கேஷ்டிடிஎல் (cacheTtl, தேக்கி வைக்கும் நேரம், விநாடியில்) 3600 என்று இருப்பதை நீக்கிவிடுங்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட் கடையில் விலையை மாற்றி அரை மணி நேரம் கழித்தும் காட்பாடி வாடிக்கையாளருக்குப் பழைய விலை தெரிவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் கேவியில், ஒரு கீயை (மதிப்பைச் சுட்டும் பெயரை) படிக்கும் தரவு மையம் அதன் மதிப்பைத் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்கிறது. 3600 என்றால் ஒரு மணி நேரம் வரை மையக் கிடங்கைக் கேட்காமலே பழைய மதிப்பைத் தரலாம் என்று நீங்களே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டீர்கள். எண் எதுவும் தராவிட்டால் அது 60 விநாடி. இல்லாத கீ என்ற பதிலும் இப்படியே தேங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; புதிதாகச் சேர்த்த பூ சற்று நேரம் காணாமல் போவது அதனால்தான்.

வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாறு மட்டும்தானே, இரண்டும் ஒரே தரவு மையத்துக்குத்தானே போகும் என்று எண்ண வேண்டாம். கடையின் பிராட்பேண்ட் சென்னை மையத்துக்கும், வாடிக்கையாளரின் மொபைல் இணைப்பு மும்பை மையத்துக்கும் போகக்கூடும்.

சோதிக்க:

1. ரிக்வெஸ்ட்.சிஎஃப்.கோலோ (request.cf.colo, கோரிக்கை வந்த தரவு மையத்தின் குறியீடு) மதிப்பைப் பதிலின் ஹெட்டரில் சேர்த்து, இரண்டு இணைப்புகளிலும் பாருங்கள். எம்ஏஏ (MAA) என்றால் சென்னை.

2. இரண்டிலும் ஒரே குறியீடு வந்தும் விலை மாறுபட்டால், பிரவுசரின் கேஷைச் சந்தேகியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்த 3600-ஐ நீக்கினாலும், மாற்றம் எல்லா இடங்களிலும் தெரிய 60 விநாடியோ அதற்கு மேலோ ஆகலாம். பூ விலைக்கு அது பொறுக்கும். கையிருப்பைக் கழிக்கும் கணக்கு என்றால் கேவியை விட்டு, கிளவுட்ஃப்ளேரின் இன்னொரு சேவையான டியூரபிள் ஆப்ஜெக்ட்ஸுக்கு (Durable Objects) மாறுங்கள்.