வண்டி வந்துச்சு, ஆள் எங்க?

கேள்வி: எங்க ஊர்ல வைக்கோல் போர் எரிஞ்சப்போ ஃபயர் வண்டி சீக்கிரமே வந்துச்சு, ஆனா இறங்குனது மூணே பேரு, ஹோஸை நாங்கதான் இழுத்தோம். ஏன் சார் ஆள் போட மாட்டேங்கிறாங்க?
– ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: உங்க கோபம் நியாயம்ங்க. டிரைவர் பம்ப்பை விட்டு நகர முடியாது, தண்ணி பிரஷர்ல ஹோஸ் முனைய ஒருத்தரா புடிக்கவும் முடியாது, அப்போ மூணு பேர்னா ஒரே ஒரு ஹோஸ்தான் ஓடும். 24 மணி நேரமும் ஒரு இடத்துல ஒரு ஆள் நிக்கணும்னா 8 மணி நேர ஷிப்ட்டா 3 பேர், வார ஓய்வு, லீவு சேத்தா நாலுக்கு மேலயே வேணும். போலீஸுக்கும் இதே கணக்குதான், 2021ல வார ஓய்வு ஆர்டர் வந்துச்சு, ரொம்ப நல்லது, ஆனா ஓய்வுல போறவர் இடத்துக்கு ஒருத்தர் வேணும்ல? ஃபயர் ஸ்டேஷன் அதிகாரி நெனச்சாலும் ஆள் எடுக்க முடியாது, சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வச்சு, ட்ரெயினிங் முடிச்சுதான் வருவாங்க. கிராம சபையில தீர்மானம் போட்டு கலெக்டருக்கு அனுப்புங்க.