காலைத் தியானமும் உடலின் கனமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தியானம் பற்றி நீங்கள் எழுதுவதைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு வயது 36. மூன்று மாதங்களாக, பிரம்ம முகூர்த்தத்தில் விழிக்க வேண்டும் என்று அதிகாலை 4.30 மணிக்கு எழுந்து, அரை மணி நேரம் கண்களை மூடி அமர்கிறேன். பத்து நிமிடங்களுக்குள் தலை தொங்கிவிடுகிறது. இணையத்தில் ஒரு வினாப்பட்டியலை நிரப்பிப் பார்த்ததில் என்னுடையது கப உடல் (வாதம், பித்தம், கபம் என ஆயுர்வேதம் சொல்லும் மூன்றில் கனமும் மந்தமும் மிகுந்தது) என்று வந்தது. கபத்தைக் குறைக்க, மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதிப் பயிற்சி நல்லது என்று ஒரு காணொளியில் கேட்டதால், இப்போது அமர்வதற்கு முன் 300 முறை அதைச் செய்கிறேன். அதன்பின் ஒரு மணி நேரம் நல்ல சுறுசுறுப்பு இருக்கிறது. ஆனால் 11 மணிவாக்கில் உடல் துவண்டுவிடுகிறது, சின்ன விஷயத்துக்கும் படபடப்பு வருகிறது. சில நாட்கள் கபாலபாதி முடித்ததுமே தலை சுற்றுகிறது. வேலைகளை முடித்து நான் படுக்க இரவு 11.30 ஆகிவிடும். நாள் முழுவதும் புத்துணர்ச்சி தருவதாக ஆயுர்வேதம் சொல்லும் காலைத் தியானம் எது? நான் எங்கே தவறுகிறேன்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் இரண்டு நேரங்களிலேயே இருக்கிறது. இரவு 11.30க்குப் படுத்து அதிகாலை 4.30க்கு எழுகிறீர்கள் என்றால், படுத்தவுடன் உறக்கம் வந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரத் தூக்கம்தான். மூன்று மாதங்களாக இப்படி இருந்துவிட்டு, அரை இருட்டில் கண்களை மூடி அசையாமல் அமர்ந்தால் தலை தொங்காமல் என்ன செய்யும்? அது கபத்தின் குற்றமோ உங்கள் மன உறுதியின் குறையோ அல்ல. மறுக்கப்பட்ட தூக்கத்தை உடல் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நானும் ஒரு காலத்தில் தூக்கத்தைத் தியானத்தின் எதிரியாக எண்ணி அதனுடன் போராடியிருக்கிறேன் என்பதால், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பிரம்ம முகூர்த்தம் என்று நாம் சொல்வதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் புகழ்பெற்ற வரி, வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் வருகிறது. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடங்கள். இரவின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தையதே பிரம்ம முகூர்த்தம். சூரியன் 6 மணிக்கு உதிக்கும் நாளில் அது 4.24 முதல் 5.12 வரை. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே வரியில் இருக்கும் ‘ஸ்வஸ்தன்’ என்ற சொல்லை நாம் கவனிப்பதே இல்லை. ஆரோக்கியமாக இருப்பவன், தன் ஆயுளைக் காத்துக்கொள்வதற்காக அந்த நேரத்தில் எழ வேண்டும் என்பதே அங்கு சொல்லப்படுவது. அந்த விதி, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிட்ட வாழ்க்கையை மனதில் கொண்டது; நள்ளிரவை ஒட்டிப் படுப்பவருக்குச் சொல்லப்பட்டதல்ல. தூக்கம் வரும்போது அதை அடக்கக் கூடாது என்று அதே நூல் அதை இயற்கை வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், ஒன்றாக வைக்கிறது. இரவில் கண்விழித்தவர் இழந்த நேரத்தில் பாதியைக் காலையில் உணவுக்கு முன் உறங்கித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அது சொல்கிறது. ஆகவே படுக்கும் நேரத்தை மாற்ற முடியாத நாட்களில் நீங்கள் 6.30க்கு எழுந்தால், ஆயுர்வேதத்துக்கு எதிராக எதையும் செய்தவர் ஆகமாட்டீர்கள்.

அந்த வரியை அடுத்து வருவது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. எழுந்தவுடன் செய்ய வேண்டிய முதற்செயலாக வாக்படர் சொல்வது சரீரசிந்தை, அதாவது தன் உடலின் நிலையை எண்ணிப் பார்ப்பது. இரவு உண்டது செரித்துவிட்டதா, உடல் லேசாக இருக்கிறதா கனமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவை எல்லாம். இன்று நாம் தியானம் என்று சொல்கிற, அமர்ந்து செய்யும் பயிற்சிக்கு விரிவான முறை எதுவும் அந்த அத்தியாயத்தில் இல்லை. அது யோக மரபிலிருந்து வந்து சேர்ந்தது. ஆயுர்வேதம் நமக்குத் தருவது, எந்தப் பயிற்சியை இன்று செய்வது என்று தீர்மானிக்க உதவும் இந்தப் பார்வையை. எல்லோருக்கும் எல்லா நாளும் புத்துணர்ச்சி தரும் ஒரே தியானம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஒத்த குணம் ஒத்ததை வளர்க்கும், எதிர்க்குணம் அதைத் தணிக்கும் என்ற அடிப்படை விதி மட்டுமே இருக்கிறது. அந்த விதியைப் பயன்படுத்த, இன்று காலை உங்களிடம் மிகுந்திருக்கும் குணம் எது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

வினாப்பட்டியல்கள் இந்த இடத்தில்தான் வழிதவறச் செய்கின்றன. பிறவியிலேயே அமைந்த உடலியல்பு வேறு, இன்றைக்கு ஏற்பட்டிருக்கும் மாறுபாடு வேறு. முன்னதைப் பிரகிருதி என்றும் பின்னதை விகிருதி என்றும் ஆயுர்வேதம் பிரிக்கிறது. “காலையில் எழுவது கடினமாக இருக்கிறதா?” என்ற கேள்விக்குத் தூக்கம் குறைந்த எவரும் ஆம் என்றுதான் விடையளிப்பார்கள், அதை வைத்து அவர்களைக் கப உடலினர் என்று முடிவுகட்டுவது சரியல்ல. நீங்கள் எழுதியிருக்கும் படபடப்பும், திடீரென எழுந்து திடீரென அடங்கும் சுறுசுறுப்பும் வாதம் மிகுந்திருப்பதன் அடையாளங்கள். குறைந்த தூக்கம் வாதத்தை வளர்க்கும் என்பதும் ஆயுர்வேதத்தின் கருத்தே.

அப்படியிருக்கும் உடலிடம் 300 முறை கபாலபாதி செய்யச் சொல்வது நியாயமில்லை. கபாலபாதி, ஹட யோக மரபின் ஆறு சுத்திகரிப்புச் செயல்களில் ஒன்று. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை அது கபத்தை வற்றச் செய்யும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களே இந்த ஆறையும் செய்ய வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டியதில்லை என்றும் அதே நூல் தெளிவாகச் சொல்கிறது. உடலியல் நோக்கில் பார்த்தாலும், வேகமாக மூச்சை வெளித்தள்ளும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உங்களுக்கு வரும் தலைச்சுற்றலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இதைச் செய்யவே கூடாது என்பதையும், இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

இனி உங்கள் காலைக்கு வருகிறேன். விழித்ததும் படுக்கையிலேயே இரண்டு நிமிடம், எதையும் மாற்ற முயலாமல், உடலை உச்சி முதல் பாதம் வரை கவனியுங்கள். கைகால்கள் குளிர்ந்திருக்கின்றனவா, மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறதா, எழுவதற்கு முன்பே மனம் வேலைப்பட்டியலைப் புரட்டத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். ஆம் என்றால் அது வாதக் காலை. வாதம் அசைவும் குளிர்ச்சியும் லேசான தன்மையும் உடையது. ஆகவே அன்றைய தியானத்துக்கு நிலைத்தன்மையும் வெதுவெதுப்பும் கனமும் வேண்டும். ஒரு போர்வையை மேலே சுற்றிக்கொண்டு, முதுகுக்குச் சாய்வு தேவைப்பட்டால் தயங்காமல் சாய்ந்து அமருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை உள்ளே நிறுத்த வேண்டாம். கவனத்தை நெற்றிக்குக் கொண்டுபோகாமல், தரையில் பதியும் தொடைகளின் கனத்திலும் அடிவயிற்றின் ஏற்ற இறக்கத்திலும் வையுங்கள். பத்து அல்லது பன்னிரண்டு நிமிடம் போதும். இதில் கபாலபாதி தரும் கிளர்ச்சி இருக்காது; முதல் வாரம் ஏமாற்றமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் காலையிலேயே சிதறிப்போகும் ஆற்றல் சிதறாமல் இருந்தால் அது 11 மணியிலும் கைவசம் இருக்கும். புத்துணர்ச்சி என்று நான் கருதுவது அதைத்தான்.

நன்றாக உறங்கி எழுந்தும் கண் இமைகள் கனத்து, தொண்டையில் சளி கட்டி, படுக்கையை விட்டு எழ மனமில்லாத காலைகளும் உங்களுக்கு வரும். பகலின் முதற்பகுதி கபத்தின் பொழுது என்பதால், சூரியன் ஏறியபின் எழுபவர்களுக்கு இது அதிகம். அன்று உடனே கண்களை மூடி அமர்வது, கனத்தின் மேல் கனத்தை ஏற்றுவதாகும். வெளிச்சம் படும் இடத்தில் நின்று, மூச்சை இழுக்கும்போது கைகளை மேலே தூக்கி விடும்போது இறக்கி, பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள், சற்று நடங்கள். பிறகு முதுகை நிமிர்த்தி, கண்களைப் பாதி திறந்து அமர்ந்து, மூச்சு உள்ளே வரும் கணத்தில் கவனம் வையுங்கள். தொண்டையில் மெல்லிய ஒலி எழ மூச்சை இழுக்கும் உஜ்ஜாயி, தொண்டைக் கபத்தை நீக்கும் என்று மேற்சொன்ன யோக நூல் சொல்கிறது. அதை ஏழெட்டு முறை செய்யலாம்.

எரிச்சலும் உடற்சூடும் தாடை இறுக்கமுமாக விழிக்கும் பித்தக் காலையில், தியானத்தை ஒரு சாதனையாக்காமல், நேரம் பார்க்காமல் சும்மா அமர்ந்திருந்தாலே போதுமானது.

மூன்று வாரங்களுக்குக் கபாலபாதியை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். 4.30க்கு எழுந்தாக வேண்டும் என்பதை விட்டுவிட்டு, படுக்கும் நேரத்தை ஒவ்வொரு வாரமும் அரை மணி முன்னால் கொண்டுவந்து, ஏழு மணி நேரத் தூக்கத்தையாவது உறுதி செய்யுங்கள். அதன்பிறகும் தலைச்சுற்றலோ முற்பகல் சோர்வோ தொடர்ந்தால் அதைத் தியானத்தின் கணக்கில் வைக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின் அளவையும் தைராய்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். படபடப்பு எப்போதெல்லாம் வருகிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் கழித்து எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.